உச்சி வெயிலில் ஆறு விளக்குகள்

ஆமத்தூரில் யார் வீட்டில் ஃபேன் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு சீரியல் செட் கட்டுவதும் நான்தான். அப்பேர்ப்பட்ட பால்பாண்டியின் கூடப்பிறந்த அக்கா வீட்டுத் தோட்டத்துக்கு, மதுரையில் அட்டைப்பெட்டியில் விற்கிற சோலார் விளக்கு வந்து இறங்கியது என்றால் எனக்கு எப்படி இருக்கும்? பந்தியில் உட்கார்ந்தவனை இலையிலிருந்து எழுப்பிவிட்ட மாதிரி இருந்தது.

நடந்தது 2009 மாசி மாதம். முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

அக்கா செல்லத்தாயின் வீட்டுக்காரர், என் அத்தான் சோலைமலை, வெயிலில் இறங்கக்கூடாதவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நடந்த விபத்தில் அவருக்கு முகத்தின் வலப்பக்கம், கழுத்து, வலது கை எல்லாம் வெந்துபோனது. நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். வெந்து ஆறிய அந்தத் தோலில் கொஞ்ச நேரம் வெயில் பட்டாலும் சிவந்து தடித்துவிடும். பிறகு இரண்டு நாளைக்கு அரிப்பும் எரிச்சலும் ஆளைப் பாடாய்ப் படுத்தும். டாக்டர் ஒரே வார்த்தையில், வெயிலில் இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். எங்கள் மாவட்டத்தில் இருந்துகொண்டு வெயிலில் இறங்காமல் எப்படி இருப்பது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

அதனால் அத்தானுக்குப் பகல் முழுவதும் வீட்டுக்குள்தான். அக்கா காலையில் கம்பெனி பஸ் ஏறி பேக்கிங் வேலைக்குப் போய்விடுவாள். மகள் முத்துச்செல்வி சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விடுவாள். அத்தான் தனியாகக் கிடப்பார். பொழுது சாய்ந்ததும் பின்வாசல் கதவைத் திறந்துகொண்டு தோட்டத்துக்குள் இறங்குவார் பாருங்கள், அப்போதுதான் அவருக்கு விடிந்த மாதிரி. கத்தரி இரண்டு பாத்தி, வெண்டை ஒரு பாத்தி, வரப்பு ஓரமாகக் கீரை, சுவரை ஒட்டிப் பிச்சிக்கொடி. ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை தண்ணீர் கட்டுவது, களை எடுப்பது, மொட்டுப் பறிப்பது என்று மனிதர் நிமிரவே மாட்டார். சம்பாத்தியம் போன பிறகு அவர் கையால் நடந்த ஒரே வேலை அதுதான்.

அந்த மாசியில் ஒரு நாள் சாயங்காலம் அக்கா டீயோடு பின்பக்கம் போனாள். அத்தான் குனிந்து களை எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் காலுக்கு ஒரு முழம் தள்ளி ரப்பர் குழாய் சுருண்டு கிடக்கிறது. அந்தக் குழாய் நகர்ந்தது. கட்டுவிரியன்! அத்தானுக்கு வலது கண்ணில் பார்வை பாதிதான். மங்கிய வெளிச்சத்தில் அவருக்கு எது குழாய், எது பாம்பு என்று தெரியவில்லை. அக்கா போட்ட கூச்சலில் டீ ஒரு பக்கம், டம்ளர் ஒரு பக்கம். பாம்பு அதுபாட்டுக்கு வேலிக்குள் போய்விட்டது.

"தோட்டத்துக்கு வெளக்கு வர்ற வரைக்கும் இந்த வாசப்படியத் தாண்டப்படாது. தாண்டினீகன்னா நான் அன்னத்தண்ணி தொட மாட்டேன்" என்று அக்கா சொல்லிவிட்டாள். என் அக்கா சொன்னால் செய்கிற ஆள். அத்தானுக்கு அது தெரியும்.

மூன்று வாரம் அத்தான் வாசல்படியைத் தாண்டவில்லை. சாயங்காலம் ஆனால் பின்வாசல் நிலைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பாத்தியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அக்கா காலையில் அவசரத்தில் ஊற்றிவிட்டுப் போகிற தண்ணீர் செடிக்குப் போதவில்லை. கத்தரி வாடிக்கொண்டு வந்தது. அவரும் பேச்சைக் குறைத்தார், சாப்பாட்டைக் குறைத்தார். ஆஸ்பத்திரியில்கூட அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் உட்கார்ந்து பேசினோம். நான் முதல் ஆளாக ஆரம்பித்தேன்.

"பூமிக்குள்ள பைப்பு பதிச்சு, நல்ல கேபிளா இழுத்து, அஞ்சு எடத்துல கம்பம் நட்டு லைட்டுப் போட்டுர்றேன். கல்யாண வீடு கணக்கா ஜெகஜ்ஜோதியா இருக்கும். நீங்க யாரும் ஒண்ணும் செய்ய வேணாம்."

"கரண்டு எப்ப மாமா இருக்கும்?" என்று கேட்டாள் முத்துச்செல்வி.

வாயாடி. அந்த வருஷம் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் தெருவில் அது சரியாக விளக்கு வைக்கிற நேரம் பார்த்துத்தான் போகும். ஆறு மணிக்குப் போனால் எட்டு மணிக்கு வரும். அதாவது, அத்தான் தோட்டத்தில் இருக்கிற அதே இரண்டு மணி நேரம்.

"இன்வெர்ட்டர் போடுவோம்" என்றேன்.

"அதுக்கு சோலாரே வாங்கிரலாம் மாமா. வயரு இல்ல, கரண்டு வேணாம். பகல்ல வெயில்ல நின்னா போதும், பொழுது அடைஞ்சதும் தானா எரியும். எங்க மேனேஜர் வீட்டுல வச்சிருக்காக."

"சைனாக்காரன் பொம்மைலாம் ஒரு வெளக்கா?"

அக்கா இரண்டு பேரையும் விட்டுவிட்டு அத்தானைப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்றீக?"

அத்தான் மெதுவாகச் சொன்னார். "ஈரத் தரையில வயரு வேணாம்னு பாக்கேன். மாப்ள நல்லாத்தான் போடுவான். ஆனா மனசு ஒப்ப மாட்டேங்கு."

பட்டாசுக் கம்பெனியில் பழகிய உடம்பு அது. வெடிமருந்து அறைக்குள் வயரும் கிடையாது, பல்பும் கிடையாது. சூரிய வெளிச்சத்தில் வேலை செய்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும். இருபது வருஷம் அப்படி இருந்தவரிடம் வயரைப் பற்றி என்ன பேசுவது? ஆனாலும் எனக்கு மனசு சுருங்கிப்போனது. ஏன் என்று சொல்கிறேன். அந்த மனிதருக்கு என் கையால் ஒரு நல்லது செய்ய வேண்டும் என்று ஆறு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் வயர் இழுப்பது ஒன்றுதான். அதையும் வேண்டாம் என்றால் நான் என்னத்தைக் கொடுப்பது?

அடுத்த வாரமே முத்துச்செல்வி ஆறு விளக்குகள் வாங்கி வந்துவிட்டாள். முழங்கால் உயரத்துக்கு ஒரு குச்சி. அதன் தலையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புக் கண்ணாடி மாதிரி ஒரு தகடு. அதற்குக் கீழே விளக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே பாத்தி ஓரமாக ஒவ்வொன்றாக நட்டாள். நடும்போது அப்பாவுக்கு விளக்கமும் சொன்னாள். "இந்தத் தகடு வெயிலப் புடிச்சு உள்ள இருக்க பேட்டரியில ஏத்திரும்ப்பா. பேட்டரிக்குள்ள மருந்து இருக்குல்ல, அதுல தங்கிக்கிரும்."

அத்தான் பின்வாசல் நிலைக்கு உள்ளேயே நின்றுகொண்டு தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் ஆறும் பளிச்சென்று எரிந்தன. தெருவே இருட்டாகக் கிடக்க, அக்கா வீட்டுத் தோட்டத்தில் மட்டும் வெளிச்சம். களை எது, கன்று எது என்று நன்றாகவே தெரிந்தது. அத்தான் மூன்று வாரத்துக்குப் பிறகு வாசல்படியைத் தாண்டினார். நான் வயிற்றெரிச்சலோடுதான் பார்த்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் எரிச்சல் எங்கே போனது என்றே தெரியவில்லை.

திங்கட்கிழமை விளக்குகள் அரை மணி நேரம் எரிந்துவிட்டு மங்கிப்போய்விட்டன. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமை கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அத்தான் எழுந்து வந்து மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"நான் தலபாடா அடிச்சிக்கிட்டேன், கேட்டீகளா?" என்று குதித்தேன். பொய் சொல்வானேன், உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. முத்துச்செல்வி முகம் வாடிவிட்டது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். அக்கா அலுப்போடு சொன்னாள். "ஏலே, நீ வயரையே இழுத்துரு. கரண்டு இருக்க அன்னைக்காவது அவுக கீழ எறங்கட்டும்."

வியாழக்கிழமை மத்தியானம் பைப்பு, கேபிள் எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். பகலிலும் இரண்டு மணி நேரம் கரண்டு கிடையாது. கரண்டு இல்லாத நேரம்தான் வயர்மேனுக்கு நிம்மதியாக வேலை நடக்கும். வீட்டுக்குள் போகாமல் பக்கத்துச் சந்து வழியாக நேரே தோட்டத்துக்குப் போனேன். தலைக்கு மேல் உச்சி வெயில். மண் பொரிந்துகொண்டிருந்தது.

அங்கே அத்தான் நின்றுகொண்டிருந்தார்.

நனைத்த துண்டைத் தலையிலும் முகத்திலும் சுற்றியிருந்தார். முழுக்கைச் சட்டை. காலில் செருப்பு இல்லை. இரண்டு கையாலும் ஒரு விளக்கை ஏந்திக்கொண்டு, அடி மேல் அடி வைத்து வேப்பமரத்து நிழலுக்குப் போனார். அதைத் தரையில் தட்டாமல் சாய்த்து வைத்தார். ஏற்கெனவே அங்கே மூன்று விளக்குகள் இருந்தன. ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் நல்ல இடைவெளி விட்டு வைத்திருந்தார். பிறகு ஐந்தாவது விளக்கை எடுக்கத் திரும்பி வெயிலுக்குள் நடந்தார்.

"அத்தான்! என்ன செய்றீக?" என்று கத்தினேன்.

"சத்தம் போடாத மாப்ள. செருப்பக் கழத்திப் போட்டுட்டு மெதுவா வா."

நான் யோசிக்கவே இல்லை. என் கால்கள் தாமாகவே செருப்பைக் கழற்றிவிட்டன. சுடுமண்ணில் கால் வைத்த பிறகுதான் எனக்கே உறைத்தது. நானும் வேலை பார்த்த அந்தப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து காயப்போடுகிற மேடைக்குச் செருப்போடு போகக்கூடாது. எதையும் தட்டக்கூடாது, இழுக்கக்கூடாது. ஒரு தட்டும் இன்னொரு தட்டும் உரசக்கூடாது. வெயில் உச்சிக்கு ஏறும் முன்னால் எல்லாத் தட்டையும் நிழலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். எங்கள் கம்பெனியில் அந்த மேடைக்கு அத்தான்தான் போர்மேன். நான் அவருக்குக் கீழே தட்டு எடுக்கிறவன்.

"தெனமும் இப்படியா அத்தான்?"

"பின்ன? உள்ள மருந்து இருக்குன்னு புள்ள சொன்னாள்ல. பத்து மணி வரைக்கும் காஞ்சா போதும்னு எடுத்து நெழல்ல வச்சிருவேன். வெயில் சாஞ்சதும், அவுக வர்றதுக்குள்ள மறுபடி நட்டுருவேன். இன்னைக்கு அசந்து தூங்கிட்டேன், நேரமாயிருச்சு. சாயங்காலம் அந்தப் புள்ளயும் உங்கக்காவும் பக்கத்துல வந்து நிக்காக. மருந்த உச்சி வெயில்ல போட்டுட்டு சும்மா இருக்க முடியுமா? உனக்குத் தெரியாதா?"

உனக்குத் தெரியாதா என்று சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

ஏனென்றால் ஆறு வருஷத்துக்கு முன்னால் மேடையில் வெயிலில் கிடந்த தட்டு என்னுடையது. ஃபேன்சி வெடிக்குப் போடுகிற மணிமருந்து, மிளகு மிளகாக உருட்டிக் காயவைத்திருந்தோம். எல்லாத் தட்டையும் எடுத்தாயிற்று. கடைசித் தட்டை எடுக்க வேண்டியவன் நான். ஒரு தட்டுதானே என்று தண்ணீர்ப் பானைப் பக்கம் நின்று கதை பேசிக்கொண்டிருந்தேன். அத்தான் பார்த்துவிட்டு அவரே எடுக்கப் போனார். நான் பதறிப்போய்ப் பின்னால் ஓடினேன். புகைந்ததைப் பார்த்ததும் அவர் திரும்பி, தன் உடம்பால் என்னை மறைத்துக் கீழே தள்ளி விழுந்தார். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். பிறகு ஆஸ்பத்திரியில் வந்து விசாரித்தவர்களிடம், "தட்ட எடுக்காதது என் தப்பு" என்று அவரே சொல்லிவிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அதோடு நான் கம்பெனியை விட்டுவிட்டு வயரிங் கற்றுக்கொண்டேன். அத்தானுக்கு நன்றி என்று இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னால், அது என் தட்டு என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அதற்குப் பயந்து ஆறு வருஷம் ஓட்டிவிட்டேன்.

அவரைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போனேன். கழுத்து ஏற்கெனவே சிவந்து தடித்திருந்தது. உள்ளங்கால் இரண்டும் கன்றிப்போயிருந்தன. காலைப் பச்சைத் தண்ணீரில் வைக்கச் சொல்லி, கழுத்தில் ஈரத்துணியைப் போட்டேன்.

"அத்தான், இது நம்ம மருந்து இல்ல. செல்போனுக்குள்ள இருக்குல்ல, டார்ச் லைட்டுக்குள்ள இருக்குல்ல, அந்த மாதிரி பேட்டரி. வெயில்ல நிக்கிறதுக்குன்னே செஞ்சது. உச்சி வெயில்லதான் அது நல்லா வயித்த நெறச்சுக்கிரும். நீங்க சோறு வைக்கிற நேரத்துல எலைய எடுத்துர்றீக. அப்புறம் எப்படி அது எரியும்?"

"அப்ப நாந்தான் அணைச்சுக்கிட்டு இருந்தேனா?" என்றார். அப்புறம், "நீ தொழில் தெரிஞ்சவன். சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா மனசு கேக்கணுமே மாப்ள" என்றார்.

"சரி, இங்கன ரெண்டு பேரும் உக்காந்து பாப்போம்."

நான் மறுபடி வெயிலில் இறங்கி விளக்குகளை ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் நட்டேன். பேட்டரி என்று தெரியும். தொழிலும் தெரியும். ஆனாலும் கடைசி விளக்கை, மருந்துத் தட்டை இறக்குகிற மாதிரி, எதிலும் தட்டாமல் மெதுவாகத்தான் நட்டேன். வந்து பின்வாசலுக்கு உள்ளே அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மணி பன்னிரண்டே கால்.

வெயிலில் ஆறு விளக்குகளும் நின்றன. அத்தான் கண்ணை எடுக்கவில்லை. பன்னிரண்டரைக்கு ஒரு தடவை எழுந்தார். மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தேன். ஒரு மணிக்கு மறுபடி எழுந்தார். மறுபடி பிடித்தேன். அவர் நெற்றியில் வியர்வை கொட்டியது. வெயிலால் வந்த வியர்வை அல்ல. இருபது வருஷமாக எதை விடக்கூடாதென்று இருந்தாரோ அதை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார், பாவம். பிடித்த கையை நான் விடவில்லை. அந்தத் தோலின் சொரசொரப்பு என் விரலில் பட்டது. அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது.

"அத்தான், அன்னைக்கு அந்தத் தட்டு என்னோடது."

அவர் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும் மாப்ள."

"எம்புட்டு வருசம் ஆச்சு, ஒரு நாளாவது கேட்டிருக்கலாம்ல?"

"அடுத்த மாசம் உனக்குக் கல்யாணம் வச்சிருந்துச்சு. பத்திரிகை அடிச்சாச்சு. எனக்கு அந்த நேரத்துல அதுதான் ஞாபகம். அப்புறம் உனக்குப் புள்ளைக பொறந்துச்சு. எதக் கேக்கச் சொல்ற?"

நான் அழுதுவிட்டேன். நாலு ஊர் கொடையில் சீரியல் செட் போடுகிறவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். "நீங்க இல்லைன்னா நான் இல்ல அத்தான். என் பொண்டாட்டி புள்ளைக இல்ல. இத உங்ககிட்டச் சொல்லணும்னு ஆறு வருசமா கெடந்து சாகுறேன். நீங்க எனக்குச் செஞ்சத நான் மறக்கல. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

அவர் என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். "சரி, சொல்லிட்டல்ல. கண்ணத் தொடச்சிட்டு வெளக்கப் பாரு."

நாலு மணி வரை பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. வெயில் சாய்ந்தது. கத்தரி இலை நிழல் விளக்குகளின் மேல் விழுந்தது. அத்தான் பெருமூச்சு விட்டு, பசிக்கிறது என்றார். அக்கா வைத்துவிட்டுப் போன சோற்றை இரண்டு பேரும் ஒரே தட்டில் போட்டுச் சாப்பிட்டோம். பல நாளைக்குப் பிறகு அவர் வயிறாரச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

அக்கா வந்ததும் முதலில் அவர் காலைத்தான் பார்த்தாள். "கூறு இருக்கா உங்களுக்கு? சுடுமண்ணுல வெறுங்காலோட..." என்று ஆரம்பித்தவளால் முடிக்க முடியவில்லை. யாருக்காக அவர் வெயிலில் இறங்கினார் என்று நான் சொன்னபோது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். முத்துச்செல்வி அப்பாவின் கழுத்துக்கு மருந்து தடவிக்கொண்டே, "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லப்பா" என்று மட்டும் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தப் பைப்ப என்ன மாமா செய்யப் போறீக?" என்றாள். விடுவாளா? பைப்பு அப்புறம் அக்காவின் பீர்க்கங்கொடிக்குப் பந்தல் காலாகப் போனது. நல்ல பைப்பு. எனக்கு வருத்தமில்லை.

ஆறு மணிக்கு வழக்கம்போலக் கரண்டு போனது. தெரு முழுவதும் ஒரே சமயத்தில் 'ஓ' என்று சத்தம் எழுந்து அடங்கியது. நாங்கள் நாலு பேரும் பின்வாசலில் நின்றோம். பொழுது அடைந்ததும் முதலில் பிச்சிக்கொடி ஓரத்து விளக்கு எரிந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக ஆறும் எரிந்தன.

அரை மணி ஆயிற்று, ஒரு மணி நேரம் ஆயிற்று, மங்கவே இல்லை. அக்கா அத்தானைப் பார்த்து, "எறங்குங்க" என்றாள். அவர் வாசல்படியைத் தாண்டி நேரே கத்தரிப் பாத்திக்குப் போகாமல் முதல் விளக்குக்குப் பக்கத்தில் குந்தினார். வெந்த வலது கையை நீட்டி, வெளிச்சம் விழுகிற இடத்தில் உள்ளங்கையையும் புறங்கையையும் மாற்றி மாற்றிக் காட்டினார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"இது மத்தியானம் அடிச்ச வெயில்தான மாப்ள?"

"அதே வெயில்தான் அத்தான்."

கையை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"சுடவே இல்ல" என்றார்.